ஓட்டக்காரரும் ஓரவஞ்சனையும்

தமிழ் மாணவர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "அஸ்வினை ஏன் இறக்கவில்லை?" என்பதே அக்கேள்வி. 2021-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்டு ஆட்டங்களிலும் அவர் வெளியே அமர்ந்திருந்தார். 2023 ஜூன் மாதம் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்டு இறுதி ஆட்டத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நம் விடுதியில் அந்த வழக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. குரல்கள் உயர்கின்றன. மொழியும் மாநிலமும் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. தேநீர் ஆறிப் போகிறது. தீர்ப்பு வருவதில்லை.

நம்மவர் என்னும் பாசம் புகுந்த இடத்தில் ஆராய்ச்சி நடப்பது அரிது. ஆகையால் இக்கட்டுரையில் நம்மில் எவருக்கும் உறவோ பகையோ இல்லாத ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் ஆல்வின் கமாரா. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக் கழகத்துக்காக 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகள் கால்பந்து ஆடியவர். "இவ்வளவு திறமை உள்ளவரை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள்?" என்று அந்தப் பல்கலைக் கழகத்தின் ஆதரவாளர்கள் அப்போதும் கேட்டார்கள், பின்னரும் கேட்டார்கள். அக்கேள்வியை எப்படி ஆராய்வது என்பதே நம் பாடம்.

ஆட்டமும் அதன் வேலைகளும்

அமெரிக்கக் கால்பந்து பெயரளவில்தான் கால்பந்து. இரு முனையும் கூரிய பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், பிடிப்பதுமே பெரும்பாலும் ஆட்டம். பக்கத்துக்குப் 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்தை வைத்திருக்கும் பக்கத்துக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்குக்குள் 10 கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரியிடம் போய்விடும்.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரைக் குவார்ட்டர்பேக் என்பர். அவருக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிற்பவர் ஓட்டக்காரர். ஓட்டக்காரருக்கு வேலைகள் மூன்று. குவார்ட்டர்பேக்கிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிரிகளின் கூட்டத்தைப் பிளந்து ஓடுவது ஒன்று. எறியப்படும் பந்தை வெளியே சென்று பிடிப்பது மற்றொன்று. குவார்ட்டர்பேக் பந்தை எறிய முனையும்போது அவர்மேல் பாய வருபவனைத் தன் உடலால் தடுப்பது மூன்றாவது. முதல் இரண்டும் கணக்கு ஏட்டில் ஏறும். மூன்றாவது ஏறாது. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வழக்கு

கமாரா ஜார்ஜியா மாநிலத்தவர். 2013-இல் அலபாமா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்னால் டி. ஜே. எல்டன், டெரிக் ஹென்றி, கென்யன் டிரேக் என்னும் ஓட்டக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். முழங்காலில் அறுவை சிகிச்சை வேறு. அந்த ஆண்டு அவர் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. 2014-இல் கன்சாஸ் மாநிலத்தில் ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடித் தன் திறமையைக் காட்டினார். 2015-இல் டென்னசிக்கு வந்தார்.

அங்கேயும் ஒருவர் முன்னால் இருந்தார். அவர் ஜேலன் ஹர்ட். டென்னசி மாநிலத்துப் பிள்ளை. ஆறடி நான்கு அங்குல உயரம்; அதற்கேற்ற கட்டுடல். 2015-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஹர்ட் 270 முறைக்கு மேல் பந்தைச் சுமந்து 1,280 கஜத்துக்கு மேல் ஓடினார். கமாராவுக்குக் கிடைத்தவை 107 ஓட்டங்கள்; அவற்றில் அவர் சேர்த்தது 698 கஜம். வகுத்துப் பார்த்தால், ஹர்ட் ஓர் ஓட்டத்துக்கு நாலரைக் கஜத்துக்குச் சற்று மேல். கமாரா ஆறரைக் கஜம்.

இந்த இரண்டு எண்களும்தான் வழக்குக்கு மூலகாரணம். நாக்ஸ்வில் நகரில் உள்ள அவர்களது மைதானம் ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரக்கூடியது. அத்தனை பேரிலும் வகுத்தல் கணக்குத் தெரியாதவர் எவரும் இல்லை போலும்!

நான்கு வாதங்கள்

இத்தகைய வழக்குகளில் எந்த நாட்டிலும் எழும் வாதங்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: "கொடுத்தால் ஓடுவான். ஆறரைக் கஜம் ஓடுபவன் இருக்க நாலரைக் கஜக்காரனுக்கு ஏன் பந்து?" கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சராசரி என்பது மனிதனின் அளவு மட்டும் அன்று. அவனுக்குத் தரப்பட்ட வேலையின் அளவும் ஆகும். இன்னும் ஒரு கஜம் வேண்டும், எதிரிகள் அனைவரும் முன்னே குவிந்திருக்கிறார்கள் என்னும் நெருக்கடியில் பந்தைச் சுமப்பவர் வழக்கமாகப் பெரிய உடல்காரரே. அங்கே இரண்டு கஜம் ஓடினாலும் அது வெற்றி. ஆனால் அவர் சராசரி இறங்கும். எதிரிகள் களைத்த வேளையில், எதிர்பாராத பக்கத்தில் இறங்குபவரின் சராசரி ஏறும். ஊறுகாய் சுவையாக இருக்கிறது என்பதற்காகச் சோற்றின் அளவுக்கு ஊறுகாய் பரிமாறுவார் உண்டோ? 107 ஓட்டங்களின் சராசரி, 108-ஆவது ஓட்டத்தைப் பற்றி நமக்கு உறுதி எதுவும் தருவதில்லை. அடுத்த ஆண்டே கமாராவின் சராசரி ஆறரையிலிருந்து ஆறுக்குச் சற்றுக் கீழே வந்தது.

இரண்டாம் வாதம்: "பயிற்சியாளருக்கு ஓரவஞ்சனை." அப்போது பயிற்சியாளராக இருந்தவர் புட்ச் ஜோன்ஸ். மில்லியன் டாலர் கணக்கில் ஊதியம் பெறும் ஒரு பயிற்சியாளர், தோற்றால் வேலை போகும் என்று அறிந்தவர், வேண்டுமென்றே வெற்றியைத் தள்ளி வைப்பார் என்பது நம்பத்தக்கதன்று. ஜோன்ஸின் வேலையும் 2017 நவம்பரில் போயிற்று. ஆனால் வஞ்சனை இல்லை என்றால் பிழையும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வஞ்சனையைக் காட்டிலும் பழக்கம் வலியது. பழகிய ஆளை இறக்கித் தோற்றால் விதி என்பார்கள்; புதிய ஆளை இறக்கித் தோற்றால் மதி இல்லை என்பார்கள். இந்தப் பழிக்கு அஞ்சியே உலகில் பல திறமைகள் ஓரத்தில் அமர்ந்திருக்கின்றன.

மூன்றாம் வாதம் பயிற்சியாளரின் பக்கத்தவர் கூறுவது: "நீங்கள் பார்ப்பது சனிக்கிழமை ஆட்டம். அவர் பார்ப்பது வாரம் முழுவதும் நடக்கும் பயிற்சி." இதில் உண்மை உண்டு. தடுக்கும் வேலை ஏட்டில் ஏறாது என்று மேலே சொன்னேன். அதில் தவறுகிற ஓட்டக்காரரால் குவார்ட்டர்பேக்கின் தோள் முறியலாம். ஆனால் இவ்வாதத்தில் ஒரு பெருங்குறை இருக்கிறது. நாம் பார்க்க முடியாத ஒன்றைச் சான்றாகக் காட்டுவதால் இதை மறுக்க எவராலும் இயலாது. மறுக்க இயலாத வாதம் வலிய வாதம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அறிவியல் மாணவர்கள் அப்படி எண்ணக் கூடாது. அத்தகைய வாதம் எந்தத் தவறான முடிவையும் காப்பாற்றப் பயன்படும் என்பதே அதன் குறை.

நான்காம் வாதம்: "அளவோடு ஆடவிட்டால் உடல் தேயாது." ஓட்டக்காரர் ஒவ்வொரு முறையும் முட்டி மோதித்தான் விழுகிறார். 2021 வரை கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு பொருளீட்ட விதி இடம் தரவில்லை. படிப்புச் செலவும் உணவும் உறைவிடமும் கிடைத்தன. உடல் தேய்ந்தால் நட்டம் அவர்களுடையதே. ஆகையால் இந்த வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் இது ஆட்டக்காரரின் நன்மை பற்றிய வாதம். குழுவின் வெற்றி பற்றிய வாதம் அன்று. விவாதம் செய்வோர் இரண்டையும் கலந்து பேசுவதால்தான் முடிவு கிடைப்பதில்லை.

ஒரு சோதனை

வாதங்களைக் கேட்டோம். இனிச் சோதனை ஏதேனும் உண்டா என்று பார்ப்போம். 2016 அக்டோபர் 8-ஆம் நாள் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக் கழகத்துடன் நடந்த ஆட்டத்தில் ஹர்ட் இறங்கவில்லை. பந்து கமாராவிடம் வந்தது. 18 முறை ஓடி 127 கஜம். 8 முறை பந்தைப் பிடித்து 161 கஜம். எதிரி உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டு ஓடியதையும் சேர்த்து அன்று அவர் கடந்தது 312 கஜம். அப்பல்கலைக் கழகத்தின் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் கடந்த மிகுந்த தூரங்களில் ஒன்று அது.

"பார்த்தீர்களா!" என்றது ஒரு கட்சி. ஆனால் அந்த ஆட்டத்தில் டென்னசி 38-45 எனத் தோற்றது. அந்தப் பருவத்திலேயே கமாரா காயமுற்றுச் சில ஆட்டங்களில் இறங்க முடியாமலும் போயிற்று. "பார்த்தீர்களா!" என்றது மறு கட்சியும். ஒரே சான்றை இரு கட்சியும் கொண்டாடினால், சான்றில் பிழை இல்லை. கேள்வியில்தான் பிழை இருக்க வேண்டும்.

எண்ணிக்கை சொல்வது

நானும் முதலில் ஆதரவாளர்களின் கட்சியைச் சேர்ந்தவன்தான். கமாராவுக்குக் கூடுதலாகப் பந்து கொடுத்திருக்க வேண்டும் என்றே எண்ணினேன். அடுத்த ஆண்டின் கணக்கை எடுத்து வைத்தபோது என் எண்ணம் மாறியது.

2017-இல் தொழில்முறைக் குழுக்கள் புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தபோது, கமாராவின் பெயர் 67-ஆவதாக அழைக்கப்பட்டது. அவருக்கு முன்னே நான்கு ஓட்டக்காரர்கள் எடுக்கப்பட்டிருந்தார்கள். எடுத்தது நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் குழு. பயிற்சியாளர் சீன் பேட்டன். அந்த முதல் பருவத்திலேயே தாக்கும் பக்கத்தின் சிறந்த புதிய ஆட்டக்காரர் என்னும் விருதைக் கமாரா பெற்றார். அப்படியானால் அங்கே அவருக்குப் பந்து எத்தனை முறை கிடைத்தது? உதைத்த பந்தைத் திருப்பியதை விட்டுவிட்டு, ஓட்டத்தையும் பிடித்ததையும் மட்டும் எண்ணுவோம்.

2015, டென்னசி: 13 ஆட்டங்கள், 107 ஓட்டம், பிடித்த பந்து 34. ஆட்டத்துக்கு ஏறத்தாழ 11 முறை.

2016, டென்னசி: 11 ஆட்டங்கள், 103 ஓட்டம், பிடித்த பந்து 40. ஆட்டத்துக்கு 13 முறை.

2017, நியூ ஆர்லியன்ஸ்: 16 ஆட்டங்கள், 120 ஓட்டம், பிடித்த பந்து 81. ஆட்டத்துக்குப் பன்னிரண்டரை முறைக்குச் சற்று மேல்.

இதைக் கண்டு நான் வியந்தேன். புகழின் உச்சிக்குப் போன ஆண்டில், கல்லூரியின் கடைசி ஆண்டைக் காட்டிலும் ஒரு முறைகூட அதிகமாக அவருக்குப் பந்து தரப்படவில்லை! ஓட்டம் மட்டும் பார்த்தால் ஆட்டத்துக்கு ஒன்பதுக்கு மேல் இருந்தது ஏழரையாகக் குறைந்தே போயிற்று. கூடியது ஒன்றுதான்: பிடிக்கும் வேலை. ஆட்டத்துக்கு மூன்றரை அளவில் இருந்தது ஐந்தாயிற்று. கூட்டத்தின் நடுவே முட்டி மோதும் வேலை குறைந்தது. திறந்த வெளியில் பந்தைப் பெற்று ஒருவரையோ இருவரையோ ஏமாற்றி ஓடும் வேலை கூடியது. அவருடைய கால்களுக்கு ஏற்ற வேலை அதுவே.

முன்னால் இருந்தவரை விலக்கிவிட்டா இதைச் செய்தார்கள்? அதுவும் இல்லை. மார்க் இங்க்ராம் என்னும் மூத்த ஓட்டக்காரர் அதே பருவத்தில் 200 முறைக்கு மேல் பந்தைச் சுமந்தார். ஓட்டமும் பிடிப்பும் சேர்த்து இருவரும் தலைக்கு 1,500 கஜத்தைக் கடந்தார்கள். அந்தத் தொழில்முறைச் சங்கத்தில் ஒரே குழுவின் இரண்டு ஓட்டக்காரர் ஒரே பருவத்தில் அப்படிக் கடந்தது அதுவே முதல் முறை. ஒருவர் இலையிலிருந்து எடுத்துத்தான் மற்றொருவருக்குப் பரிமாற வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

டென்னசியின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் பந்தை எறிந்தவர் டுரூ பிரீஸ். குறி தவறாமல் எறிவதில் பேர் பெற்றவர். டென்னசியில் எறிந்தவர் ஜோஷுவா டாப்ஸ். அவர் விண்வெளிப் பொறியியல் மாணவர். தாமே சிறந்த ஓட்டக்காரரும் ஆவார். 2016-இல் தாமே 800 கஜத்துக்கு மேல் ஓடினார். ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக்கை வைத்து அமைத்த ஆட்ட முறையில், ஓட்டக்காரருக்குப் பந்தெறிவது ஒரு சிறு கிளையாகவே இருந்தது. கல்லூரி மாணவரைப் பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஆட்டப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்பது விதி. அந்த நேரத்துக்குள் ஒருவருக்காக ஆட்ட முறையையே மாற்றுவது எளிதன்று.

ஆகவே என் தீர்ப்பு இது: ஆதரவாளர்கள் குறையைச் சரியாக உணர்ந்தார்கள், அளவுகோலைத் தவறாக எடுத்தார்கள். "எத்தனை முறை?" என்று கேட்டார்கள். "எந்த வேலைக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். பயிற்சியாளர் கொடியவர் அல்லர். அவருடைய ஆட்ட முறையில் ஓர் ஓட்டக்காரருக்கு இடம் இருந்தது. இந்த ஓட்டக்காரருக்குப் போதிய இடம் இல்லை. குற்றம் அவ்வளவே. ஆனால் அது சிறு குற்றம் அன்று.

யாருக்கு நட்டம்?

ஏன் சிறிதன்று என்கிறேன்? நமக்கு இது மாலைப் பேச்சு. ஆடியவனுக்கோ அந்நாளில் கல்லூரியில் ஆடக் கிடைத்தவை நான்கே பருவங்கள். கமாரா ஓர் ஆண்டைக் காயத்தோடு வெளியே கழித்தார். ஒன்றை ஈராண்டுக் கல்லூரியில் கழித்தார். இரண்டை டென்னசியில் பங்கிட்டுக்கொண்டார். 67-ஆவதாக எடுக்கப்பட்டவரின் முதல் ஒப்பந்தம் முன்னே எடுக்கப்பட்டவரின் ஒப்பந்தத்தைவிடச் சிறியது. காட்டப்படாத திறமைக்கு அது விலை.

ஹர்ட்டின் கதையையும் மறக்கலாகாது. சுமையை எல்லாம் சுமந்த அவர் 2016 அக்டோபர் இறுதியில் குழுவை விட்டு விலகினார்; பேலர் பல்கலைக் கழகத்துக்குச் சென்று பந்தைப் பிடிக்கும் வேலைக்கு மாறினார். 2019-இல் அவரையும் ஒரு தொழில்முறைக் குழு எடுத்தது. வியப்பு என்னவெனில் அவரும் 67-ஆவது. ஆனால் அடுத்தடுத்து வந்த காயங்களால் அவர் தொழில்முறைப் பருவ ஆட்டம் ஒன்றிலும் இறங்கவில்லை. சுமையே காயத்துக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குச் சான்று இல்லை. இவரும் தமக்கு ஏற்ற வேலை வேறு என்று எண்ணியே மாறினார் என்பதை மட்டும் சுட்டுகிறேன். பந்து குறைவாகக் கிடைத்தவருக்கும் மிகுதியாகக் கிடைத்தவருக்கும் குறை ஒன்றாகவே இருந்தது.

பள்ளியில் படித்த நாளில் நான் கைப்பந்துக் குழுவில் காத்திருப்போர் பலகையில் ஓராண்டு அமர்ந்திருந்தவன். எத்தனை நிமிடம் இறங்கினேன் என்று ஏட்டில் குறித்து வைத்தேன். பயிற்சி தந்த ஆசிரியர்மேல் அளவற்ற கோபம். ஆனால் "ஐயா, நான் எந்த இடத்தில் நின்று என்ன செய்தால் குழுவுக்குப் பயன்படுவேன்?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஓராண்டு அப்படியே போயிற்று. கமாராவின் கணக்கைப் பார்த்தபோது அந்த ஏடு நினைவுக்கு வந்தது. நான் குறித்து வைத்ததும் தவறான எண்தான்.

அமெரிக்காவில் இப்போது விதிகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் ஒரு பெரிய பல்கலைக் கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கால்பந்து ஆட்டக்காரர் பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும். 2021-இல் ஒரு முறை தண்டனை இன்றி மாறலாம் என்றார்கள். 2024-இல் படிப்பில் குறை இல்லாதவர் எத்தனை முறையும் மாறலாம் என்றார்கள். ஓரத்தில் அமர்த்தப்பட்டவர் இனிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் போகிற இடத்திலும் வேலை பொருந்தாவிட்டால் மாறிப் பயன் என்ன?

பாடம்

திருக்குறளில் 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52-ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆளைத் தேர்வது ஒன்று. தேர்ந்த ஆளுக்கு உரிய வினையை அளிப்பது வேறொன்று. இரண்டையும் வள்ளுவர் தனித்தனி அதிகாரமாக வைத்ததன் அருமை எனக்கு இந்த வழக்கை ஆராய்ந்த பிறகே புலப்பட்டது. நாம் முதல் அதிகாரத்தோடு சண்டையை முடித்துக்கொள்கிறோம்.

நண்பர்களே! அடுத்த முறை நம் விடுதிக் கூடத்தில் ஒருவருக்காக வழக்காடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு இதுவரை தரப்பட்ட வேலை எது? அவருக்குப் பொருந்தும் வேலை எது? அந்த வேலை அந்தக் குழுவின் முறையில் இருக்கிறதா? அஸ்வின் வழக்கையும் இந்த மூன்றையும் கொண்டு மறுவிசாரணை செய்யலாம். நான் தடுக்க மாட்டேன்.

நம் சங்கத்தின் விளையாட்டுக் குழுவைத் தேர்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பலகையில் அமர்ந்திருக்கும் மாணவனிடம், அவன் இறங்கும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். அவனுக்கும் பருவங்கள் நான்குதான்.